ரீஃபைண்ட் கட்சி: தடை போடாமல் தலைவரை மட்டும் கழற்றப் பார்ப்பது ஏன்?

கேள்வி: கரோல்பாக் கதிர்

எல்லாருக்கும் வணக்கம். பழைய ராஜேந்திர நகரில் அறை எடுத்து யுபிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், விருப்பப் பாடம் அரசியல் அறிவியல். ஒரு வாரமாக ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது. வகுப்பில் கேட்டேன், தேர்வுக்கு இவ்வளவு ஆழம் வேண்டாம் என்று அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள்.

விஷயம் இதுதான். 2025 மார்ச்சில், வங்கதேச மாணவர் போராட்டத்தில் இருந்து வந்த ஹஸ்னாத் அப்துல்லா ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டார். அந்த மாதம் 11-ஆம் தேதி கன்டோன்மென்டில் (ராணுவ வளாகம்) தங்களிடம் 'ரீஃபைண்ட் அவாமி லீக்' என்று ஒரு யோசனை வைக்கப்பட்டதாகச் சொன்னார். அதாவது 2024-இல் பதவி இழந்து வெளியேறிய பிரதமரும் கட்சித் தலைவருமான ஷேக் ஹசீனாவைக் கழித்துவிட்டு, பெயர் கெடாத சில பழைய ஆட்களை முன்னால் நிறுத்தி, அதே கட்சியைத் தேர்தலுக்குள் கொண்டுவருவது. ராணுவத் தரப்பு மறுத்தது. யார் சொன்னது சரி என்பதற்குள் நான் போகவில்லை, அந்த 'ரீஃபைண்ட்' என்ற வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கடலை எண்ணெயில் வாசனையை எடுத்துவிட்டுப் பாக்கெட் போடுகிற மாதிரி கட்சியிலும் தலைவரை எடுத்துவிட்டு விற்கலாமா?

அறையில் என்னோடு இருக்கும் பிகார் நண்பன், "துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு, தடை போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே" என்கிறான். அவன் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. பாகிஸ்தானிலும் இதே கதை, உடையும்போதெல்லாம் முஸ்லிம் லீகுக்குப் பின்னால் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போகிறது. என் சந்தேகம் இரண்டு. ஒன்று, ராணுவம் ஏன் கட்சியை ஒழிக்காமல் கட்சிக்குள் புகுந்து தலைமைச் சண்டையைக் கிளப்புகிறது? இரண்டு, இது எங்காவது ஜெயித்திருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தயவுசெய்து புத்தகப் பட்டியல் வேண்டாம், என் கட்டிலுக்கு அடியில் ஏற்கெனவே இடமில்லை.

பதில்: டாக்கா ரிட்டர்ன்

தம்பி, நான் திருப்பூர்க்காரன், இப்போது மயூர் விஹாரில் இருக்கிறேன். 2005 கடைசியில் இருந்து 2009 வரை டாக்காவில் ஒரு பையிங் ஹவுஸில் மெர்ச்சண்டைசர். உத்தராவில் வீடு, தினமும் ஆஷுலியா பக்கம் ஃபாக்டரி. அதனால் புத்தகத்தில் படித்ததைச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

2006 கடைசியில் அவரோத் அவரோத் என்று ரோட்டை மறித்தே உயிரை எடுத்தார்கள். சிட்டகாங் போக வேண்டிய கன்டெய்னர் பாதி வழியில் நிற்கும், பையர் போனில் கத்துவான், நான் இரு கட்சிகளையும் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 2007 ஜனவரி 22 தேர்தல் என்று தேதி வைத்திருந்தார்கள். ஜனவரி 11 ராத்திரி எமர்ஜென்சி. அங்கே அதை ஒன்-இலெவன் என்பார்கள். முன்னாள் ரிசர்வ் பேங்க் கவர்னர் மாதிரி ஒருவர், ஃபக்ருத்தீன் அகமது, முகப்பில். பின்னால் ராணுவத் தளபதி மொயீன் அகமது. உண்மையைச் சொல்கிறேன், எங்களுக்கெல்லாம் சந்தோஷம். மறுவாரமே லாரி ஓடியது.

உன் முதல் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் ஏன் நேரடியாக நாற்காலியில் உட்காரவில்லை? அதே ஜனவரி 11 அன்று ஐநாவிடம் இருந்து ஓர் அறிக்கை வந்தது. ராணுவம் ஒரு பக்கம் சாய்ந்து ஒருதலைத் தேர்தலுக்குத் துணை போனால், ஐநா அமைதிப்படையில் வங்கதேசத்தின் இடத்துக்குப் பாதிப்பு வரலாம் என்கிற தொனியில். அங்கே ஒரு சிப்பாய்க்கு அந்த வெளிநாட்டு டூட்டிதான் வீடு கட்ட, தங்கச்சியைக் கட்டிக்கொடுக்கப் பணம். அதில் கை வைக்கிற எதையும் எந்த ஜெனரலும் செய்ய மாட்டார். ஆக, தேர்தல் நடத்தியே ஆக வேண்டும். தேர்தல் என்றால் கட்சி வேண்டும். ஜனங்களுக்குத் தெரிந்த பெயரும் சின்னமும் உள்ள கட்சியாகவே வேண்டும், புதிதாக ஒன்றை நட்டு வளர்க்க நேரமில்லை. தலைவர்தான் இடிக்கிறார். அதனால்தான் 'மைனஸ் டூ', அதாவது அவாமி லீகின் ஹசீனா, பிஎன்பியின் (வங்கதேச தேசியவாதக் கட்சி) காலிதா என்ற இரண்டு பேகம்களையும் கழிப்பது.

முதலில் ஊரைவிட்டு அனுப்பப் பார்த்தார்கள். காலிதாவைச் சவுதிக்கு அனுப்பப் பேச்சு நடந்தது, அவர் போகவில்லை. ஹசீனா வெளிநாடு போயிருந்த சமயம் பார்த்துத் திரும்பி வரக்கூடாது என்று அறிவித்தார்கள். ஏப்ரலில் லண்டனில் விமானத்தில் ஏற்றவே இல்லை. ஊர் உலகம் சிரித்தது, தடையை விலக்கினார்கள், மே 7-ஆம் தேதி அவர் வந்து இறங்கினார். அன்றைக்கு ஏர்போர்ட் ரோட்டில் கூட்டத்தைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது, இது வேகாது என்று.

அப்புறம்தான் கட்சிக்கு உள்ளே கை வைத்தது. ஜூன் 25 அன்று பிஎன்பி பொதுச்செயலாளர் மன்னான் புய்யான் ஒரு சீர்திருத்தத் திட்டம் வெளியிட்டார். ஒருவர் எத்தனை தடவை கட்சித் தலைவராக இருக்கலாம், எத்தனை தடவை பிரதமராக இருக்கலாம் என்பதற்கெல்லாம் வரம்பு. படித்துப் பார்த்தால் ஒரு வரி தப்பு சொல்ல முடியாது. எங்கள் ஃபாக்டரி ஸ்டோர் கீப்பர் பரம பிஎன்பி ஆள். பட்டன் சாம்பிள் எண்ணிக்கொண்டே பேப்பரைப் படித்தார், படித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "எல்லாம் சரிதான் தாதா (அண்ணா). டைப் அடித்தது யார்?"

இதை நான் மறக்கவே இல்லை. அந்த ஊரில் அன்றைக்கு 'சங்ஸ்கார்பந்தி', அதாவது சீர்திருத்தவாதி என்பது வசைச்சொல் ஆகிவிட்டது. அவாமி லீகில் ரஸாக், அமு, தொஃபாயேல், சுரஞ்சித் என்று நான்கு பெரிய தலைகள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். பெயர்களின் முதல் எழுத்தை ஆங்கிலத்தில் சேர்த்து 'RATS' என்று வைத்துவிட்டார்கள், எலிகள். பெயர் வைப்பதில் வங்காளிகள் நமக்குக் குறைந்தவர்கள் இல்லை.

செப்டம்பர் 3 காலிதா கைது. போகிற போக்கில் ஒரு காரியம் செய்துவிட்டுத்தான் போனார்: புய்யானை நீக்கிவிட்டு, வயதான கந்தகர் தெல்வார் ஹுசைனைப் பொதுச்செயலாளர் ஆக்கினார். அக்டோபர் கடைசியில் ஒரு ராத்திரி சைஃபுர் ரஹ்மான் வீட்டில் கூடி, அவர் தற்காலிகத் தலைவர், ஹஃபீஸுத்தீன் தற்காலிகச் செயலாளர் என்று இன்னொரு பிஎன்பி. அந்தச் சமயத்தில் தேர்தல் கமிஷன் கட்சிகளைப் பேச்சுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பிஎன்பிக்குப் போக வேண்டிய கடிதத்தில் யார் பெயரை எழுதுவது? ஹஃபீஸ் பெயரை எழுதினார்கள். தம்பி, பீரங்கியெல்லாம் சும்மா நின்றுகொண்டிருந்தது. ஒரு கட்சியை மாற்றிக்கொடுக்கிற வேலையை அந்தக் கவரின் மேல் எழுதிய முகவரியை வைத்துத்தான் பார்த்தார்கள். அது ஒட்டவில்லை. 2008-இல் அதே கமிஷன் தெல்வாரோடுதான் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

இரண்டு பேகம்களையும் பாராளுமன்ற வளாகத்திலேயே வீடுகளைச் சிறையாக்கி வைத்திருந்தார்கள். எங்கே கழிக்கப் பார்த்தார்கள், எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் பாருங்கள். 2008 டிசம்பர் 29 தேர்தலில் அவாமி லீக் 230, பிஎன்பி 30. ஹசீனா பிரதமர் ஆனதும் அந்த நாலு பேருக்கும் மந்திரிசபையில் இடமில்லை. கட்சியைக் கட்டிக் காத்த கிழவர் ஜில்லுர் ரஹ்மான் ஜனாதிபதி. அதற்குப் பிறகு அந்தக் கட்சியில் யாராவது எழுந்து "அம்மா, தலைவர் பதவிக்கு ஒரு வரம்பு வைக்கலாமா" என்று கேட்டிருப்பார்களா? அதுதான் ஒன்-இலெவன் செய்த பெரிய கெடுதல் என்பேன். நியாயமான கேள்வியைக் கேட்பவனையும் கன்டோன்மென்ட் ஆள் என்று சொல்லி வாயடைக்க வழி செய்துவிட்டார்கள்.

பதில்: சேவலும் புறாவும்

நம்ம ஊரில் இதற்கெல்லாம் ராணுவமே தேவைப்படவில்லையே சார். 1989-இல் இரட்டை இலை முடங்கி ஒரு அணி சேவல், ஒரு அணி இரட்டைப் புறா. 2017-இல் மறுபடியும் முடங்கி ஒருவர் தொப்பி, ஒருவர் மின்கம்பம். எங்கள் தாத்தா இலையைத் தேடித்தேடிக் கடைசியில் வாக்குச்சாவடியில் இருந்து கோபத்தோடு வெளியே வந்தவர். டாக்காக்காரர் சொல்கிற கவர் கதையைப் படித்ததும் அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

பதில்: ஆர்.கே.புரம் ஓய்வு

கதிருக்கு ஆசிகள். டாக்கா சார் நன்றாகச் சொல்லிவிட்டார், நான் பாகிஸ்தான் பக்கத்தைக் கொஞ்சம் சேர்க்கிறேன். அதற்கு முன் ஒரு சின்ன வேடிக்கை. 2018 ஜூலையில் முல்தானில் ஒரு வேட்பாளர், கட்சியை விட்டு விலகச் சொல்லி உளவுத்துறை ஆட்கள் தன்னை அடித்ததாகச் சொன்னார். அப்புறம் மாற்றி, இல்லை, வந்தது வேளாண்மைத் துறை ஆட்கள் என்றார். அன்றில் இருந்து அந்த நாட்டில் 'வேளாண்மைத் துறை' என்றால் எல்லாருக்கும் ஓர் அர்த்தம். முப்பது வருஷம் கிருஷி பவனில் ஃபைல் தள்ளியவன் நான், எங்களை ஒருத்தரும் இவ்வளவு பயந்து பார்த்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். அங்கே கட்சியை உடைப்பது என்பதைவிட, கட்சியையே மேலிருந்து செய்து கொடுப்பது பழைய பழக்கம். 1962-இல் ராணுவ ஆட்சியாளர் அயூப்கான் பழைய முஸ்லிம் லீக் பெயரிலேயே ஒரு மாநாடு கூட்ட வைத்து 'கன்வென்ஷன் லீக்' வாங்கிக்கொண்டார், ஒத்துவராதவர்கள் 'கவுன்சில் லீக்' ஆனார்கள். 1985-இல் இன்னொரு ராணுவ ஆட்சியாளர் ஜியா-உல்-ஹக் கட்சியே இல்லாமல் தேர்தல் நடத்தினார், ஜுனேஜோவைப் பிரதமர் ஆக்கினார், பிறகு சபைக்குள்ளேயே ஒரு முஸ்லிம் லீக் முளைத்தது. 1988 மே மாதம் ஜுனேஜோ கொஞ்சம் நிமிர்ந்ததும் வீட்டுக்கு அனுப்பினார், லீக் இரண்டாகப் பிளந்தது, ஜியா பக்கம் நின்ற பிரிவில்தான் நவாஸ் ஷெரீஃப் இருந்தார். பின்னாளில் அவரே ராணுவத்தோடு மோதி ஜெயிலுக்குப் போனார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2002 தான் பாடம். ராணுவ ஆட்சியாளர் முஷாரஃப் கொண்டுவந்த கட்சிகள் சட்டப்படி, தண்டனை பெற்றவர் கட்சிப் பதவியில் இருக்கக்கூடாது. பாகிஸ்தான் மக்கள் கட்சியின் (பிபிபி) தலைவர் பேநசீர் வெளிநாட்டில். பிபிபி என்ன செய்தது? 'பிபிபி பார்லிமென்டேரியன்ஸ்' என்று பக்கத்திலேயே ஒரு கட்சியைப் பதிவு செய்து, அமீன் ஃபாஹிமைத் தலைவராகப் போட்டுத் தேர்தலுக்கு வந்தது. (சின்னம் அம்பு. பழைய சின்னமான வாள் ஜியா காலத்திலேயே போய்விட்டது.) சரி, வாசலை அடைத்தால் ஜன்னல் வழியாக வந்துவிட்டார்கள். ஆனால் ஜெயித்து வந்த பிறகு பத்து எம்.பி.க்கள் 'பேட்ரியாட்ஸ்' என்று பிரிந்துபோனார்கள். கட்சித் தாவல் தடை அந்தச் சமயம் பார்த்து அமலில் இல்லை. முஷாரஃப் ஆதரவு பெற்ற முஸ்லிம் லீக் பிரிவான க்யூ லீகின் ஜமாலி சரியாக 172 வாக்கில் பிரதமர் ஆனார், மொத்தம் 342 பேர் சபையில். பிரிந்து போனவர்களில் ஒருவருக்கு ராணுவ இலாகா, ஒருவருக்கு உள்துறை. ஆக கதிரின் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: ஜெயிக்கும். ஐந்து வருஷம் ஓடியது, சும்மா இல்லை. ஆனால் 2007 நவம்பரில் முஷாரஃப் யூனிஃபார்மைக் கழற்றினார், அடுத்த பிப்ரவரித் தேர்தலில் அவருடைய க்யூ லீக் மூன்றாவது இடத்துக்கு வந்தது. பந்தல்காரன் போனால் பந்தல் எத்தனை நாள் நிற்கும்?

இம்ரான் கட்சி விஷயம் எல்லாருக்கும் தெரியும். இம்ரான் கைதாகிக் கலவரம் வெடித்த 2023 மே 9-க்குப் பிறகு ஒவ்வொருவராகப் பிரஸ் மீட் வைத்து விலகினார்கள், பேசி முடித்ததும் எழுந்து போவார்கள், முகத்தைப் பார்த்தாலே இரண்டு நாள் தூங்காதது தெரியும். ஜூனில் ஜஹாங்கீர் தரீன் தலைமையில் ஒரு கட்சி, ஜூலையில் பர்வேஸ் கட்டக் தலைமையில் ஒரு கட்சி. 2024 ஜனவரி 13 அன்று உச்சநீதிமன்றத் தீர்ப்பில் கட்சிச் சின்னமான கிரிக்கெட் மட்டையும் போனது. வேட்பாளர்களுக்குக் கத்தரிக்காய், பாட்டில், கட்டில் என்று ஆளுக்கொரு சின்னம். அப்படியும் பிப்ரவரி 8 அன்று அவர்கள் ஆதரித்த சுயேச்சைகள் 93 பேர் வந்தார்கள், நவாஸ் கட்சிக்கு 75. பிரிந்துபோன அந்த இரண்டு கட்சிகளும் துடைத்தெறியப்பட்ட மாதிரிதான்.

பதில்: முனீர்கா வாசகன்

ஓய்வு பெற்ற ஐயா ஒரு முக்கியமான இடத்தை வேகமாகத் தாண்டிவிட்டார். மட்டையை எதற்காகப் பிடுங்கினார்கள்? கட்சிக்குள் தேர்தல் ஒழுங்காக நடத்தவில்லை என்ற காரணத்துக்காக. அது பொய்யும் இல்லை. மற்ற கட்சிகள் நடத்துவதும் அதே லட்சணம்தான், கேள்வி ஒருவரிடம் மட்டும் கேட்கப்பட்டது, அதுதான் அநியாயம். ஆனால் ஓட்டை ஏற்கெனவே இருந்ததே! உள்ளே ஒழுங்காக வாக்குப் பெட்டி வைக்கிற கட்சியை இப்படி உடைக்க முடியுமா? அதே பாகிஸ்தானில் ஜமாத்-இ-இஸ்லாமியைப் பாருங்கள். அவர்கள் கொள்கை எனக்குச் சுத்தமாக ஒத்துவராது, ஆனால் 2014-இல் பதவியில் இருந்த அமீரையே (கட்சித் தலைவர்) உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு மாற்றினார்கள். எந்த எழுத்தும் ஒட்டாமல் ஒரே கட்சியாக இருக்கிறது.

இன்னொன்று, தலைமையைப் பிடுங்கினால் தலைவர் பெரியவர் ஆகிவிடுவார் என்பதற்கு டாக்காவைவிட நல்ல உதாரணம் ஜகார்த்தா. இந்தோனேசியாவில் ராணுவ ஜெனரல் சுஹார்த்தோ ஆண்ட காலத்தில் அனுமதிக்கப்பட்ட கட்சிகள் மூன்றே மூன்று, அதில் ஒன்று பிடிஐ (இந்தோனேசிய ஜனநாயகக் கட்சி). 1993 கடைசியில் சுரபாயாவில் முன்னாள் ஜனாதிபதி சுகர்னோவின் மகள் மேகவதி அதன் தலைவர் ஆனார். 1996 ஜூனில் மேடான் நகரில் அரசும் ராணுவமும் பின்னால் இருந்து இன்னொரு மாநாடு நடத்தி, சுர்யாதியைத் தலைவர் ஆக்கினார்கள். மேகவதி ஆட்கள் ஜகார்த்தா திபொனகோரோ சாலையில் இருந்த கட்சி அலுவலகத்தை விட்டு நகரவில்லை. ஜூலை 27 காலையில் அடித்து உடைத்துக் காலி செய்தார்கள், மனித உரிமை ஆணையம் கண்டறிந்த அளவில் 5 பேர் சாவு. பெயரும் பதிவும் சுர்யாதி கையில் இருந்தது, 1997 தேர்தலில் பிடிஐ 56 இடத்தில் இருந்து 11-க்கு இறங்கியது. 1999-இல் மேகவதி 'போராட்டம்' என்ற சொல்லைக் கட்சிப் பெயரில் சேர்த்துக்கொண்டு வந்து, 153 இடங்களோடு முதல் கட்சி.

இங்கே யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். அந்த 1996 ஜூலையில் ஜகார்த்தா ராணுவப் பகுதிக்குத் தளபதியாக இருந்தவர் சுதியோசோ. 2002-இல் அவர் மறுபடி ஜகார்த்தா கவர்னர் ஆக ஆதரவு கொடுத்தது யார்? ஜனாதிபதி மேகவதி.

பதில்: ஆர்.கே.புரம் ஓய்வு

தம்பி, ஜமாத்தைச் சொன்னீர்கள். ஜெயிக்காத கட்சியை உடைக்க எவன் மெனக்கெடுவான்? 1988-இல் பேநசீருக்கு எதிராக உளவுத்துறை கூட்டணி கட்டியபோது ஜமாத்தும் உள்ளேதான் இருந்தது. உடைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. சுதியோசோ விஷயம் நிஜமாகவே தெரியாது, வாயடைத்துப் போனேன்.

பதில்: டாக்கா ரிட்டர்ன்

முனீர்கா தம்பி சொல்கிற ஓட்டை விஷயத்தில் நான் பாதி ஒத்துக்கொள்கிறேன். பிஎன்பியே 1978-இல் ஒரு ஜெனரல் ஆரம்பித்த கட்சி. அவர் மனைவி காலிதா 2010 வரை கன்டோன்மென்டுக்குள் இருந்த வீட்டில்தான் குடியிருந்தார். கட்டியவர்களுக்கு எந்தச் செங்கல் ஆடும் என்று தெரியாதா?

இன்னொன்று, டெல்லியில் இருக்கிறீர்களே என்பதற்காகச் சொல்கிறேன். 1975-இல் வங்கதேசத்தின் நிறுவனத் தலைவர் முஜீபையும் குடும்பத்தையும் ராணுவ அதிகாரிகள் கொன்ற பிறகு அவாமி லீக் பல துண்டாகக் கிடந்தது. 1981 பிப்ரவரியில் மூத்தவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போக முடியாமல், ஊரிலேயே இல்லாத முஜீப் மகள் ஹசீனாவைத் தலைவர் ஆக்கினார்கள். அப்போது அவர் இருந்தது இதே டெல்லியில், பண்டாரா ரோடு பக்கம் வேறு பெயரில். மே 17 ஊருக்குப் போனார். 2024 ஆகஸ்ட் 5 அன்று ஹிண்டன் விமானதளத்தில் மறுபடி வந்து இறங்கினார். அடுத்த மே மாதம் அங்கே அவர் கட்சியின் செயல்பாட்டுக்கே தடை, தேர்தல் கமிஷன் பதிவையும் நிறுத்தி வைத்தது. ரீஃபைண்ட் என்று பேச்சு அடிபட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உன் பிகார் நண்பன் கேட்ட தடையும் வந்துவிட்டது, ஆனால் போட்டது ராணுவம் இல்லை, இடைக்கால அரசு.

பதில்: கரோல்பாக் கதிர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி ஒரு மணி வரை நோட்ஸ் எடுத்தேன். பக்கத்துக்கு மேலே தலைப்பாக 'டைப் அடித்தது யார்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். எங்கள் விருப்பப் பாடத்தில் சிந்தனையாளர் பெயர் போட்டு மேற்கோள் காட்டினால்தான் மார்க் விழும், அதனால் பிகார் நண்பன் எட்டிப் பார்த்துவிட்டு இது எந்தச் சிந்தனையாளர் சொன்னது என்று கேட்டான். ஆஷுலியா ஸ்டோர் கீப்பர் என்றேன். காலையில் இருந்து புத்தகத்தின் பெயர் அட்டவணையில் தேடிக்கொண்டிருக்கிறான்.